ஒரு முகத்துக்கு ஒரு உறவு

செவ்வாய்க்கிழமை மாலை என் போனில் ஒரு செய்தி வந்தது.

"அம்மா பட்டாணி ஐ அழைத்துச் சென்றார்."

முதலில் கண்ணில் பட்டது அந்த 'ஐ'. பெயரோடு ஒட்டாமல் தனியாக நின்றது. 'பட்டாணியை' என்று வரவேண்டும். பெயரை ஓர் இடத்திலிருந்தும் மீதி வாக்கியத்தை இன்னோர் இடத்திலிருந்தும் எடுத்து இயந்திரம் சேர்க்கும்போது இப்படி ஆகும். என் வேலையே இதுதான். போன்களிலும் செயலிகளிலும் வரும் வாசகங்களைத் தமிழில் எழுதுகிறேன். இந்தச் செயலி எங்கள் அலுவலகத்தில் செய்ததல்ல. யார் செய்தார்களோ, வேற்றுமை உருபைக் கோட்டை விட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகுதான் முதல் சொல்லைப் படித்தேன்.

பட்டாணி என் மகள். நான்கு வயது. பிறந்தபோது கையில் எடுத்துப் பார்த்துவிட்டு அவள் அம்மா வைத்த பெயர். பகலில் அவளைப் பார்த்துக்கொள்ளும் காப்பகத்திலும் அதுவே நிலைத்துவிட்டது. அவள் அம்மா போன மழைக்காலத்தில் இறந்துவிட்டாள். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பவில்லை.

பிளாஸ்திரி என் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தான். அலுவலகத்தில் என் பக்கத்து நாற்காலி. தன் போனின் முன்பக்கக் கேமரா மேல் காயத்துக்குப் போடும் பிளாஸ்திரியைச் சின்னதாக வெட்டி ஒட்டியிருப்பதால் அந்தப் பெயர். ஏதோ கேட்க வந்தவன் திரையைப் பார்த்துவிட்டான்.

"என்னப்பா இது?"

"டே கேர்ல இருந்து. புதுசா கேட்ல மூஞ்சி பாத்துத் தொறக்கற மாதிரி வச்சிருக்காங்க. யாரு கூட்டிட்டுப் போனாங்கன்னு மெசேஜ் வரும்."

"யாரு கூட்டிட்டுப் போனாங்க?"

"செவ்வா, வியாழன் என் மச்சினி போவா."

நான் மச்சினிக்குப் போன் செய்தேன். பட்டாணி உன்னோடுதானே இருக்கிறாள் என்று கேட்டேன். "என்கூடத்தான் மாமா இருக்கா. வீட்டுக்கு வாங்க, சொல்றேன்" என்றாள். குரல் சரியாக இல்லை.

எதிர் மேசையில் இருந்த அன்பாக்ஸ் காதில் எல்லாம் விழுந்துவிட்டது. எந்தப் போன் புதிதாக வந்தாலும் முதல் ஆளாக வாங்கி, பெட்டியைப் பிரிப்பதை வீடியோ எடுத்துப் போடுகிறவன்.

"அக்கா தங்கச்சி ஜாடை ஒண்ணா இருக்கும். அதான் குழம்பியிருக்கு" என்றான். "அவங்க வச்சிருக்கறது மட்டமான கேமராவா இருக்கும். என் போன் எல்லாம் மூக்கு, கன்னம்னு ஆழம் அளக்கும். ரெட்டைப் பிள்ளையையே பிரிச்சிடும்."

"பிரிச்சிட்டு யாருகிட்டப் போய்ச் சொல்லும்?" என்றான் பிளாஸ்திரி.

"யாருகிட்டயும் சொல்லாது. போனுக்குள்ளயேதான் இருக்கும். நாமதான அதைத் தமிழ்ல எழுதினோம். 'உங்கள் முகத் தரவு இந்தச் சாதனத்தை விட்டு வெளியேறாது.'"

"நாம எழுதினா உண்மையாயிடுமா? 'கண் இமைக்கும் நேரத்தில் முழு சார்ஜ்'னு கூடத்தான் எழுதினோம்."

"நீ எல்லாத்துலயும் பேயைப் பாப்ப."

"பாஸ்வேர்டு போச்சுன்னா மாத்திக்கலாம். மூஞ்சி போச்சுன்னா எதை மாத்துவ?"

"உன் மூஞ்சிய எடுத்துட்டுப் போய் எவன் என்ன பண்ணப் போறான். வச்சுக்க இடம் வேணாமா?"

"என்னுதை விடு. நீ உன் மூஞ்சியக் குடுக்கறப்போ உங்க அண்ணன் மூஞ்சியும் பாதி சேந்து போகுதுல்ல. அவர்கிட்டக் கேட்டியா?"

"எங்க அண்ணன் சொட்டை. மேட்ச் ஆகாது."

இருவரும் சிரித்தார்கள். என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்கள். அந்த அறையில் சில மாதங்களாகச் சிரிப்பெல்லாம் என்னிடம் வந்ததும் நின்றுவிடுகிறது. சிரிக்கலாம் என்று எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

மாமியார் வீடு எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. மாலையில் பட்டாணி அங்கேதான் இருப்பாள். நான் வேலை முடிந்து போய் அழைத்துவருவேன்.

தங்கை மாடிப்படியிலேயே காத்திருந்தாள். மனைவியின் தங்கை. கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களின் முகத்தை அளந்து பிரேம் பொருத்திக் கொடுக்கிறவள். உள்ளே பட்டாணி தரையில் படுத்து வரைந்துகொண்டிருந்தாள்.

"நான் போய் எப்பவும் போல ஆயாகிட்டச் சொல்லலாம்னு நின்னேன்" என்றாள் தணிந்த குரலில். "ஆயாவைக் காணோம். கம்பத்துல ஒரு ஸ்கிரீன் இருக்கு. அதுல என் மூஞ்சி வந்துச்சு. பச்சையா ஒரு வட்டம் போட்டுச்சு. கதவு தொறந்துடுச்சு."

"ம்."

"அதோட விட்டிருந்தா பரவால்ல. உள்ள ரூம்ல ஸ்பீக்கர் வச்சிருக்காங்க மாமா. அது சத்தமா சொல்லுது. 'பட்டாணி, அம்மா வந்திருக்கிறார்'னு."

கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"ஓடி வந்தா. பையைக்கூட எடுக்கல. என்னைப் பாத்தா. அப்புறம் எனக்குப் பின்னாடி பாத்தா. தெருவுல அந்தக் கோடி வரைக்கும் பாத்தா."

"என்ன கேட்டா?"

"ஒண்ணுமே கேக்கல. அதான் எனக்குத் தாங்கல."

வியாழக்கிழமை அந்த ஸ்பீக்கர் மறுபடியும் அதையே சொல்லும். அதற்குள் தங்கையின் முகத்தைத் தங்கையின் முகமாகப் பதிவு செய்துவிட்டால் போதும். எளிய வேலை என்று நினைத்தேன். உள்ளே போய்ச் செயலியைத் திறந்து அவளைச் சன்னல் வெளிச்சத்தில் நிற்கவைத்தேன்.

'சிரிக்காமல் நேராகப் பாருங்கள்' என்றது திரை. பார்த்தாள். வட்டம் சுற்றியது. பிறகு ஒரு வாசகம்:

"இந்த முகம் ஏற்கெனவே பதிவாகியுள்ளது. உறவு: அம்மா. ஒரு முகத்துக்கு ஒரு உறவு மட்டுமே."

தங்கை பையிலிருந்து ஒரு தடித்த கறுப்பு பிரேமை எடுத்து மாட்டிக்கொண்டாள். அதே வாசகம். தலைமுடியை உச்சியில் முடிந்தாள். அதே வாசகம். பட்டாணிக்கு இது விளையாட்டாகிவிட்டது. பென்சிலைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"சித்தி, மூக்கைப் புடிச்சுக்கோ."

பிடித்துக்கொண்டாள்.

"கன்னத்தை உப்பு. இன்னும்."

'முகம் தெளிவாக இல்லை' என்றது போன். பட்டாணி விழுந்து விழுந்து சிரித்தாள்.

"நல்லாத்தான தெரியுது. போனுக்குக் கண்ணு அவுட்டு" என்றாள். "சித்தி, அதுக்கு ஒரு கண்ணாடி போட்டு விடு."

தங்கையும் சிரித்தாள். பிரேமைக் கழற்றித் துடைத்தபடி என்னிடம் சொன்னாள்: "எனக்கு இடது காது கொஞ்சம் கீழ இருக்கும் மாமா. அவளுக்கு ரெண்டும் ஒரே மட்டம். அவளுக்குக் கண்ணாடி மாட்டினா அப்படியே உக்காந்துக்கும். எனக்கு ஒரு பக்கம் வளைச்சாத்தான் நிக்கும். பட்டாணிக்குக் கூட வித்தியாசம் தெரியுது."

வாசகத்தின் அடியில் சிறிய எழுத்தில் இன்னொன்று இருந்தது. 'பழைய பதிவை நீக்கு.' அதை இருவருமே பார்த்தோம். இருவருமே தொடவில்லை.

மாமியார் சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்தார். அவரை நான் அத்தை என்று கூப்பிடுவேன்.

"எதை நீக்கறதாம்?"

சொன்னேன்.

"அது பாட்டுக்கு ஒரு ஓரமா இருந்துட்டுப் போகட்டுமே மாப்ள. யாரை என்ன பண்ணுது?"

"குழந்தை ஓடி வருதும்மா" என்றாள் தங்கை.

"ரெண்டு நாள் ஓடும். அப்புறம் பழகிடும். அம்மான்னா இவதான்னு அதுக்கே மனசுல பதிஞ்சிடும்." கொஞ்சம் நிறுத்தி, கரண்டியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "கதவுக்கே தெரியுது. இந்த வீட்டுலதான் யாருக்கும் தெரியமாட்டேங்குது."

அத்தை இதை நேராகக் கேட்டதில்லை. சில மாதங்களாகச் சுற்றி வளைத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறார். தங்கைக்கு வந்த இரண்டு வரன்களை ஜாதகம்கூடப் பார்க்காமல் திருப்பி அனுப்பினார். குழந்தையை வெளியாள் கையில் கொடுக்க முடியுமா என்பார். நான் காது கேட்காதவன்போல் இருந்துவிடுவேன். அது எனக்குச் சுலபமாக வருகிறது.

"அம்மா, போதும்" என்றாள் தங்கை.

அத்தை உள்ளே போய்விட்டார். கரண்டி பாத்திரத்தில் பட்ட ஓசை வேண்டியதைவிடப் பலமாக இருந்தது.

பட்டாணியைக் கூட்டிக்கொண்டு இறங்கும்போது தங்கை தெருக்கதவு வரை வந்தாள்.

"மாமா, என் மூஞ்சிய நான் யாருக்கும் குடுக்கல. அக்கா குடுத்தா. அதுல என்னுதும் சேந்து போயிடுச்சு. அவமேல எனக்குக் கோவம் இல்ல. ஆனா அந்தக் கதவுக்குள்ள நான் அவளா போகமாட்டேன். நான் அவளாயிட்டா, அவ இல்லாமப் போனதே இல்லாமப் போயிடும்."

"ம்."

"உம் கொட்டாதீங்க. வியாழக்கிழமைக்குள்ள மாத்திடுங்க. இல்லாட்டி நீங்க லீவு போட்டுட்டுப் போய்க் கூட்டிட்டு வாங்க."

புதன்கிழமை காலை காப்பகத்துக்குச் சீக்கிரமே போனேன். நான் வந்ததும் கம்பத்துத் திரை 'அப்பா' என்று சொல்லிக் கதவைத் திறந்தது. நடத்துகிற மேடம் சிறிய அறையில் உட்கார்ந்திருந்தார். மேசை முழுக்கக் காய்ந்துகொண்டிருக்கும் குழந்தைகளின் ஓவியங்கள். நாற்காலியிலும் ஒன்று. எடுத்துவிட்டு உட்காரச் சொன்னார். விஷயத்தைச் சொன்னதும் முகம் வாடிவிட்டது.

"ஐயோ சார். எனக்குத் தோணவே இல்ல. பழைய படம் எல்லாத்தையும் கம்பெனிக்காரங்களே ஏத்திட்டாங்க."

"அந்த ஸ்பீக்கரை மட்டும் நிறுத்த முடியுமா?"

"எல்லாக் குழந்தைக்கும் சேத்து ஒரே ஸ்விட்ச். நிறுத்தினா யாரு வந்திருக்காங்கன்னு உள்ள தெரியாது. ஆயாவையும் கேட்டுல இருந்து எடுத்து உள்ள போட்டுட்டோம்."

"அட்மிஷன் அன்னைக்கு ஃபைலுக்குன்னு சொல்லித்தான படம் எடுத்தீங்க?"

"ஃபைல்தான் சார் இப்ப இதுல இருக்கு. நீங்ககூடப் போன வாரம் 'ஒப்புக்கொள்கிறேன்'னு அமுக்கியிருக்கீங்களே."

அமுக்கியிருந்தேன். அப்படிப்பட்ட வாசகங்களை மாதம் நாலைந்து நானே எழுதுகிறேன். யாரும் படிக்கமாட்டார்கள் என்பது எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். என் மனைவி மட்டும் அட்மிஷன் அன்று கேட்டாள். இந்தப் படத்தை எங்கே வைப்பீர்கள் என்று. ஃபைலில்தான் என்று சொன்னார்கள். அவள் இப்போது எதையும் அமுக்கவில்லை. அவளுக்கும் சேர்த்து நான்தான் அமுக்கியிருக்கிறேன்.

"அப்படியே விட்டா என்ன சார்?" என்றார் மேடம் மெதுவாக. "கதவு தொறக்குது. ஆளும் நம்ம ஆளுதான்."

"படத்தைப் பாக்கலாமா?"

கணினியைத் திருப்பிக் காட்டினார். காப்பகத்தின் மஞ்சள் சுவர். அவள் நேராகப் பார்க்கவில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டு கொஞ்சம் கீழே பார்க்கிறாள். படத்தின் ஓரத்தில், அவள் காதைப் பிடித்து இழுக்கிற நாலு குட்டி விரல்கள். பட்டாணிக்கு அப்போது நடக்கத் தெரியாது. இந்தப் படம் என்னிடம் இல்லை.

"நீக்கினா இதுவும் போயிடுமா?"

"தெரியல சார். உள்ள படமா இருக்காதாம். நம்பரா மாத்தி வச்சிருப்பாங்களாம். கம்பெனியக் கேட்டாத்தான் தெரியும்."

மேடம் தன் போனை எடுத்து, கணினித் திரையையே படம் பிடித்து எனக்கு அனுப்பினார். அதில் அவள் முகத்தின் மேல் மேடத்தின் நிழல் கொஞ்சம் விழுந்திருந்தது.

அலுவலகத்தில் பிளாஸ்திரியிடம் சொன்னேன். நானாக எதையும் சொல்லி நெடுநாளாகிறது. அவன் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு கேட்டான்.

"நீக்கிடுப்பா" என்றான். "நீக்கினாலும் முழுசாப் போகாது. அது வேற விஷயம்."

"ஆறுதல் சொல்ற அழகைப் பாரு" என்றான் அன்பாக்ஸ்.

"ஆறுதலாத்தான் சொல்றேன். பேருக்கு அழிப்பாங்க. ஒரு நகல் எங்கயாவது இருக்கும். அந்த நகலுக்கு ஒரு நகல் இருக்கும். யாருமே பாக்காத ஏதோ ஒரு கம்ப்யூட்டர்ல அவங்க இருந்துட்டேதான் இருப்பாங்க."

அவன் ஒவ்வொரு நாளும் பயப்படுகிற விஷயம் அது. எனக்குக் கொடுப்பதற்காக அதைத் திருப்பிப் போட்டுச் சொன்னான். அன்பாக்ஸ்கூட மறுத்துப் பேசவில்லை.

அன்று மாலை அத்தை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தேன். பட்டாணி பக்கத்து வீட்டுக் குழந்தையோடு விளையாடப் போயிருந்தாள். தங்கை எதிரே உட்கார்ந்தாள். அத்தை நின்றுகொண்டிருந்தார். காப்பகத்தில் நடந்ததைச் சொன்னேன்.

"முதல்ல அந்தப் படத்தைக் காட்டுங்க" என்றார்.

காட்டினேன். போனை வாங்கிக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். விரலால் திரையைத் துடைத்தார். நிழல் போகவில்லை.

"காதைப் புடிச்சு இழுக்குது பாரு" என்றார். "சின்னதுல இதோட அம்மாவும் இதேதான் பண்ணுவா. என் காது ஓட்டையே கிழிஞ்சிருக்கும்."

போனைத் திருப்பிக் கொடுத்தார். அவ்வளவுதான். வேண்டாம் என்று சொல்லவில்லை.

'பழைய பதிவை நீக்கு' என்பதைத் தொட்டேன். 'இந்த முகத்தை நீக்கவா? இதைத் திரும்பப் பெற இயலாது' என்று கேட்டது. 'முடியாது' என்று நான் எழுதியிருப்பேன். 'இயலாது' கொஞ்சம் விறைப்பு. கீழே இரண்டு பொத்தான்கள்: 'நீக்கு', 'வேண்டாம்'. பொத்தான்களில் மரியாதை விகுதி சேர்ப்பதில்லை என்பது எங்கள் தொழிலில் விதி. இடம் போதாது. இருந்தாலும் 'நீக்கு' என்று யாரோ என்னை அதட்டுவதுபோல் இருந்தது.

தொட்டேன்.

'நீக்கப்பட்டது' என்றது.

எழுந்து பாத்திரம் துலக்கப் போனேன். தொட்டி காலியாக இருந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தேன். தங்கை போனை எடுத்துத் தன் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். இந்தத் தடவை ஏற்றுக்கொண்டது. உறவுகள் வரிசையாக வந்தன. அம்மா, அப்பா, பாட்டி, தாத்தா, அத்தை, மாமா, சித்தி, பணியாளர். அவள் சித்தியைத் தொட்டாள். பச்சை வட்டம் வந்தது.

வியாழக்கிழமை மாலை செய்தி வந்தது. "சித்தி பட்டாணி ஐ அழைத்துச் சென்றார்." தங்கை போன் செய்து, பட்டாணி பையை எடுத்துக்கொண்டு நடந்து வந்தாள் என்றும், பின்னால் எங்கும் பார்க்கவில்லை என்றும் சொன்னாள். நாற்காலியில் சாய்ந்துகொண்டேன்.

சிறிது நேரத்தில் மேடத்திடமிருந்து இன்னொரு செய்தி. "வாழ்த்துகள் சார். சொல்லவே இல்லையே. ரொம்ப சந்தோஷம். குழந்தைக்கும் நல்லது."

புரியவில்லை. செயலியைத் திறந்தேன். 'சித்திக்குப் பெற்றோர் உரிமைகள் வழங்கப்பட்டுள்ளன' என்று ஒரு வரி இருந்தது. பாட்டி, தாத்தாவுக்கெல்லாம் அப்படி ஒன்றும் தருவதாகத் தெரியவில்லை. எனக்கு லேசாகச் சந்தேகம் வந்தது. அமைப்புகளுக்குப் போய் மொழியை ஆங்கிலத்துக்கு மாற்றினேன்.

ஆங்கிலத்தில் அவள் பட்டாணியின் மாற்றாந்தாயாக இருந்தாள். அதாவது, என் மனைவி.

பிளாஸ்திரி எட்டிப் பார்த்தான். அன்பாக்ஸும் எழுந்து வந்தான். மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. எங்கள் தொழில்காரர்களுக்குத்தான் இவ்வளவு சீக்கிரம் புரியும். அம்மாவின் தங்கையும் சித்திதான். அப்பா மறுபடி கட்டிக்கொண்டு வருகிறவளும் சித்திதான். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் வேறு வேறு சொல். யாரோ இரண்டாவதைத் தமிழாக்கி 'சித்தி' என்று போட்டிருக்கிறார்கள். அம்மாவின் தங்கை, அப்பாவின் தங்கை இருவருக்கும் அங்கே ஒரே சொல். அதற்கு 'அத்தை' என்று போட்டிருக்கிறார்கள்.

"போட்டவன் யாருய்யா?" என்றான் அன்பாக்ஸ்.

"நீயா இருந்தா என்ன போட்டிருப்ப?" என்றான் பிளாஸ்திரி. "'மாற்றாந்தாய்'னு போட்டா எந்தப் பொம்பளையாவது அதைத் தொடுவாளா?"

"அதுவும் சரிதான்."

"கேமரா ஆழமெல்லாம் அளந்துச்சு. சொல்லோட ஆழத்தை அளக்கலையே."

நான் சிரித்தேன் போலிருக்கிறது. இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

அத்தை வீட்டுப் படியேறும்போது எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே ஏறினேன். மென்மையாகச் சொல்ல வரவில்லை. போனை நீட்டினேன். தங்கை படித்தாள். மேடத்தின் வாழ்த்தையும் படித்தாள். அவள் முகம் சிவந்தது. பிறகு மேசையில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தாள். அதில் எவ்வளவு சிரிப்பு, எவ்வளவு வேறு என்று தெரியவில்லை.

"இப்ப அது என்ன சொல்லுதாம்?" என்றார் அத்தை.

நான் விளக்கினேன். அத்தையின் முகத்தில் வெளிச்சம் வந்தது.

"பாத்தீங்களா. அழிச்சும் அது அதையேதான் சொல்லுது."

தங்கை தலையை நிமிர்த்தினாள். சிரிப்பு போய்விட்டது.

"மாமா, அத்தைன்னு மாத்துங்க."

"நீ எப்படி அத்தை?"

"லிஸ்ட்ல இருக்குல்ல. அதைப் போடுங்க."

"அத்தைன்னா அப்பாவோட கூடப்பொறந்தவளாச்சே."

"அதேதான். பட்டாணிக்கு நான் அத்தைன்னா உங்களுக்கு நான் யாரு?" தன் அம்மாவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "தங்கச்சி. முடிஞ்சுது."

 

"அவருக்கு அத்தை நான்தான்டி" என்றார் அத்தை. சொல்ல வேறு எதுவும் கிடைக்காதவர்போல.

"நீ அவருக்கு அத்தை. நான் அவர் பொண்ணுக்கு அத்தை. நிறைய இருந்தா என்ன?"

நான் மாற்றினேன். தங்கை என் கையிலிருந்த திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பச்சை வட்டம் வந்ததும் மூச்சு விட்டாள். பெற்றோர் உரிமைகள் என்ற வரி மறைந்தது.

அத்தை சமையலறைக்குள் போனார். அடுப்பைப் பற்றவைக்கும் ஓசை கேட்டது. அங்கிருந்தே குரல் வந்தது.

"அண்ணன்னா லட்சணமா உனக்கு ஒரு நல்ல இடம் பாக்கச் சொல்லு. சும்மா போன்ல மட்டும் அண்ணனா இருந்தாப் போதாது."

"அம்மா" என்றாள் தங்கை.

"பாக்கறேன் அத்தை" என்றேன்.

தங்கை என்னைப் பார்த்தாள். தலையை ஆட்டிக்கொண்டு தட்டுகளை எடுத்து வைத்தாள். அன்று மூன்று பேரும் நிறையச் சாப்பிட்டோம்.

அடுத்த செவ்வாய்க்கிழமை செய்தி வழக்கமான நேரத்தைத் தாண்டியும் வரவில்லை. போனை மேசையில் கவிழ்த்து வைத்தேன். மறுபடி திருப்பினேன். வந்தது.

"அத்தை பட்டாணி ஐ அழைத்துச் சென்றார்."

மாலையில் போனபோது பட்டாணி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கதவு திறந்ததாம். ஸ்பீக்கரும் சொன்னதாம். பட்டாணி மட்டும் இடத்தை விட்டு அசையவில்லையாம். தங்கை வெளியே நின்று நின்று பார்த்துவிட்டு, ஆயாவைக் கூப்பிட்டு உள்ளே போய்த்தான் தூக்கிவந்தாளாம்.

"ஏன் பட்டாணி வரல?" என்றேன்.

"அத்தை வந்திருக்காங்கன்னு சொல்லுச்சு. எனக்குத்தான் அத்தையே இல்லையே. தெரியாதவங்க கூட போகக் கூடாதுன்னு நீதான சொன்ன?"

"ஆமா. நான்தான் சொன்னேன்."

"அதான் நான் போகல."

தங்கை அவள் முன்னால் உட்கார்ந்தாள். "கதவுக்குத்தான் நான் அத்தை. உனக்குச் சித்திதான். இனிமே அது அத்தைன்னு சொன்னா நான்தான் வந்திருக்கேன்னு அர்த்தம். சரியா?"

"கதவுக்கு நீ சித்தின்னு தெரியாதா?"

"தெரியாது."

"அப்பா, நீ எழுதிக் குடேன். நீதான போன்ல எல்லாம் எழுதுவ."

செயலியில் கருத்துச் சொல்ல ஒரு சிறிய கட்டம் இருந்தது. அவள் பார்க்கவே எழுதினேன். சித்தி என்றால் அம்மாவின் தங்கை என்றும் பொருள் உண்டு, அதற்குத் தனியாக ஒரு வரி வேண்டும் என்று. பெயருக்கும் 'ஐ'க்கும் நடுவில் இடைவெளி வரக்கூடாது என்றும் சேர்த்தேன். அனுப்பினேன். பதில் இன்னும் வரவில்லை.

வீட்டுக்கு நடந்தோம். தெருவிளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. பட்டாணி என் விரலைப் பிடித்துக்கொண்டு, தரையில் பதித்த கற்களின் கோட்டை மிதிக்காமல் தாண்டித் தாண்டி வந்தாள். முதல் தெரு முடியும் இடத்தில் நின்றாள்.

"அப்பா, அன்னைக்கு அது அம்மா வந்திருக்காங்கன்னு சொல்லுச்சே."

"ம்."

"அதுவும் தெரியாமத்தான் சொல்லுச்சா?"

ஆமாம் என்று சொல்ல வேண்டும். சின்னச் சொல். எத்தனையோ பொத்தான்களுக்கு அதை எழுதியிருக்கிறேன்.

"ஆமா" என்றேன்.

"அதான் பாத்தேன்" என்றாள். "யாருமே இல்ல."

கையைத் தூக்கினாள். தூக்கிக்கொண்டேன். மீதித் தெருவை அப்படியே நடந்தேன். தூக்கம் வந்ததும் அவள் என் காதைப் பிடித்துக்கொண்டாள்.